வயிற்றுவாரில் வந்த தோல்

என் மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட விடுதியில் நோயாளி அறை என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கதவின் கீழ் இடுக்கால் வரும் லாந்தர் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். உயிரோடிருக்கும் யாருக்கும் நான் கடிதம் எழுத முடியாது. எழுதினால் அது வார்டன் அம்மாவின் கைக்குப் போகும், அவரிடமிருந்து அம்மாவோடு பிறந்த மாமாவின் கைக்குப் போகும். அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ வளர்ந்து, இன்றைய என்னைவிட மூத்தவளாகி, உன் உள்ளங்கையை நீயே திருப்பிப் பார்த்துப் பயப்படும் நாளில் இதை வாசிப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நாளை காலை என்னைத் தீவுக்குக் கொண்டுபோகிறார்களா, விடுகிறார்களா என்று தெரிந்துவிடும். அது டாக்டரின் கையில் இல்லை. என் அம்மாவின் வாயில் இருக்கிறது.

உன் காலத்தில் அந்தத் தீவு இருக்குமோ, எனக்குத் தெரியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தோணியில் பட்டினத்துக்கு வரும்போது வாவியின் நடுவே தெரியும். பெருவியாதி, அதுதான் குஷ்டம், வந்தவர்களை அங்கே வைத்திருக்கிறார்கள். தோணிக்காரர் அதற்கு நேரே வந்ததும் கதையை நிறுத்திவிட்டு வேகமாகக் கோல் ஊன்றுவார். அங்கே போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். திரும்பி வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

எனக்கு வந்திருப்பது பெருவியாதி அல்ல. இதை நீ நம்பவேண்டும் என்பதற்காக அடையாளங்களை ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு இது பன்னிரண்டாம் வயதில் தலையில் தொடங்கியது. பேன் என்று நினைத்தார்கள். பேன் இல்லை, தவிடு போலச் செதில் உதிர்ந்தது. அடுத்து உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, தேன்மெழுகு பூசியது போல மஞ்சளாகின. அதன் பிறகு முழங்காலிலும் முழங்கையிலும் ஒவ்வொரு மயிர்க்காலின் வாயிலும் முள்முனை அளவில் ஒரு குரு. தடவிப் பார்த்தால் தச்சர்கள் மரம் தேய்க்க வைத்திருக்கும் காய்ந்த திருக்கைத் தோல் போலச் சொரசொரவென்று இருக்கும். நாளாக ஆக அந்தக் குருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து செம்மஞ்சள் நிறப் படையாகும். ஆனால் படைக்கு நடுவே நகமளவு நகமளவாக நல்ல தோல் தப்பி நிற்கும். அந்த நல்ல தோலைத்தான் நீ தேடவேண்டும். மற்றச் சொறி சிரங்குகளில் அப்படி இருப்பதில்லை. இன்னொன்று, ஒரு ஊசியை எடுத்துப் படையின் மேல் மெதுவாகக் குத்திப் பார். நோகும். நோகிறதென்றால் பயப்படாதே. நோகாத இடம்தான் பயப்படவேண்டிய இடம்.

அப்போது என் கையைக் கண்டதும் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். மற்றத் தாய்மார் என்றால் "என்ன புள்ள இது?" என்றாவது கத்தியிருப்பார்கள். என் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்தார். கொதிக்கும் தண்ணீரும் கூடாது, கிணற்றுக் குளிர் தண்ணீரும் கூடாது என்றார். என் கால்களை அரை மணி நேரம் ஊறவிட்டு, பழஞ்சேலைத் துணியால் ஒற்றி, ஈரம் முழுதும் காயும் முன்னே தேங்காயெண்ணெய் தடவினார். காய்ந்த பிறகு தடவினால் எண்ணெய் மேலேதான் நிற்கும், உள்ளே போகாது என்றார். செதிலை நகத்தால் உரிக்காதே, கல்லால் தேய்க்காதே, தானாக விழுவதை விழவிடு. உச்சி வெயிலில் வயலுக்குப் போகாதே. தடித்த துணி உடுக்காதே. இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளங்கால் தடித்ததால் என் நடையில் வந்திருந்த நொண்டல் ஒரே வருடத்தில் போய்விட்டது. இவையெல்லாம் பலிப்பவை, நீயும் செய். அப்போது நான் அதை அன்பு என்று நினைத்தேன். அன்பும்தான். ஆனால் தெரியாத ஒன்றை ஒருவர் அவ்வளவு சரியாகச் செய்ய முடியாது என்பது எனக்கு உறைக்க நான்கு வருடம் பிடித்தது.

எண்ணெய் தடவிக்கொண்டே அம்மா சொல்லுவார்: "ஒருத்தருக்கும் காட்டாத. கேட்டா, உலக்கை பிடிச்ச கை எண்டு சொல்லு." அவருடைய கையும் அப்படித்தான் இருக்கும், தடித்து மஞ்சளாக. ஊரிலே அதைப் புகழ்வார்கள். "இவள்ற கையப் பாருங்ககா, வேலை செஞ்சே தோல் கட்டின கை" என்று கலியாண வீடுகளில் மற்றப் பெண்கள் தங்கள் பெண்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அம்மா மற்றவர்களைவிட அதிகமாக நெல்லுக் குத்தியதை நான் கண்டதில்லை. அவர் குளிக்கும்போது ஒருநாள் சேலை விலகி முழங்காலைக் கண்டேன். அதே திருக்கைத் தோல். நான் கண்டதை அவரும் கண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பேசியிருக்கவேண்டும். அது என் முதல் பிழை.

விடுதிக்கு வந்த பிறகு எல்லாம் கெட்டது. இங்கே எல்லோருக்கும் சிவப்புக் கார்பாலிக் சவர்க்காரம். அம்மா கொடுத்துவிட்ட எண்ணெய்ப் போத்தலை, தலையணையில் கறை படுகிறது என்று வார்டன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் எண்ணெய் என்று சொன்னால் தோலைக் காட்டவேண்டி வருமே. மூன்று மாதத்தில் படை முழங்காலைவிட்டுத் தொடைக்கு ஏறியது. உள்ளங்காலில் வெடிப்பு விழுந்து இரத்தம் வந்தது. உனக்கு இது வந்தால் சவர்க்காரத்தைத் தோலுக்குக் காட்டாதே. கடலைமாவோ பயற்றமாவோ போதும்.

பக்கத்துக் கட்டிலில் படுக்கும் நேசம் என்பவள்தான் முதலில் கண்டாள். "என்னடி, ஆருக்கும் தெரியாமக் கலியாணம் முடிச்சிட்டயா? மஞ்சள் இன்னும் கழுவுப்படல்ல!" என்று என் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கிழமை என் முழங்காலைக் கண்டபோது அவள் சிரிக்கவில்லை. கட்டிலைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் என் தட்டையும் குவளையையும் வேறாக வைத்தார்கள். கிணற்றடியில் ஒருத்தி, "தீவுக்காரி வாறா, வாளிய எடுங்கடி" என்றாள். குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன். அவளுக்கும் பிள்ளைகள் பிறக்கும்.

வார்டன் அம்மா மருந்துச்சாலையின் சின்ன வைத்தியரான அப்போதிக்கரியைக் கூப்பிட்டார். அவர் முதலில் சொறி என்று சொல்லிக் கந்தகக் களிம்பு கொடுத்தார். அதைப் பூசிய இடமெல்லாம் நெருப்பாக எரிந்து, உடம்பு முழுதும் சிவந்து, வெயிலிலேயே எனக்குக் குளிர் நடுங்கியது. இரண்டாம் முறை வந்தபோது அவர் கைலேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு, கைத்தடியின் நுனியால் என் பாவாடையை விலக்கிப் பார்த்தார். என்னைத் தொடவில்லை, ஊசியால் குத்திப் பார்க்கவும் இல்லை. "இது அந்த வருத்தம்தான், பெருவியாதி. பாயை எரிச்சுப்போடுங்க" என்று வார்டன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அரசாங்கத்துக்கு அறிவிப்பு எழுதினார். பாயை எரித்தார்கள். நான் இந்த அறைக்கு வந்தேன். பன்னிரண்டு நாளாகிறது.

நான்கு நாளைக்கு முன் பெரிய டாக்டர் வந்தார். கொழும்பில் படித்தவர், அவசரமில்லாத மனிதர். வந்ததும் என் கையைத் தன் கையால் பிடித்தார். எட்டு நாளாக என்னை யாரும் தொடாமல் இருந்ததால் எனக்கு அழுகை வந்தது. "நோகுதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப அழாம இரு புள்ள, நோகிற வேலை இனித்தான் வரும்" என்று சிரித்தார். கண்ணை மூடச் சொல்லி, படையின் மேல் இறகால் தொட்டார், ஊசியால் தொட்டார், சூட்டுத் தண்ணீர்க் குழாயையும் குளிர் தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு முறையும் நான் சரியாகச் சொன்னேன். முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார், தடிப்பில்லை. கடைசியாக என் தொடையில் தப்பி நின்ற நல்ல தோலை விரலால் சுற்றிக் காட்டி, "பாருங்க வார்டன் அம்மா, நடுவில தீவு தீவா விட்டுவிட்டு வந்திரிக்கு. இந்த வருத்தத்துக்கு இதுதான் முத்திரை" என்றார். தீவு என்ற சொல்லைக் கேட்டதும் நான் காலை இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. பிறகு விளங்கி, "அந்தத் தீவு இல்ல" என்றார்.

நோயின் பெயரை அவர் லத்தீனில் சொன்னார். எழுதித் தரும்படி கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அரிதான ஒன்று என்றார். தொற்றாது, உயிரைக் கொல்லாது, சிலருக்குச் சில வருடத்தில் தானாகத் தணியும், சிலருக்குத் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு வரும் என்றார். மீனெண்ணெய் தினமும் ஒரு கரண்டி குடிக்கச் சொன்னார். எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஆனால் அறிவிப்புப் போய்விட்டதே. தோலைச் சுரண்டிக் கொழும்புக்கு அனுப்பிப் பதில் வரும்வரை, அறிவிக்கப்பட்டவர் தீவில்தான் இருக்கவேண்டுமாம். பதில் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. "ஒரு வழி இரிக்கு. உங்கட வீட்டில இன்னொருத்தருக்குச் சின்ன வயசில இரிந்து இதே தோல் எண்டா, நான் என்ட கையெழுத்திலயே இது வேற வருத்தம் எண்டு எழுதித் தாறன். உன்ட அம்மாக்கு இரிக்கா?"

நான் "தெரியா ஐயா" என்றேன்.

இது என் இரண்டாம் பிழை, பெரிய பிழை. அம்மா தானே வந்து சொல்லட்டும், அவருடைய முழங்காலை நான் ஏன் ஊரறியச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். என் அம்மா சொல்லுவார் என்று நான் ஒரு துளியும் சந்தேகப்படவில்லை.

இன்று பின்னேரம் அம்மாவும் மாமாவும் தோணியில் வந்தார்கள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "இல்ல ஐயா. எங்கட வயிற்றுவாரில ஆருக்கும் இல்ல" என்றார்.

வயிற்றுவார் என்றால் தாய்வழி வம்சம், உனக்கு இந்தச் சொல் தெரியும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக இறங்கும். அம்மாவின் குடிதான் என் குடி, என் குடிதான் உன் குடி. வீடும் வளவும் பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேரவேண்டும். மாமா கோயிலில் எங்கள் குடிக்கு வண்ணக்கர், குடியின் பேரில் திருவிழா நடத்துபவர். டாக்டர் போன பிறகு அவர் வாசலில் நின்றபடியே எனக்கு விளங்கப்படுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "இஞ்ச பார் புள்ள. இது தொற்றின வருத்தம் எண்டா, நீ பட்டினத்தில படிக்கப் போன இடத்தில தொற்றினது. நீ ஒருத்தி. வயிற்றுவாரில வந்தது எண்டா? உன்ட சித்திட மூணு குமருகளையும் ஆர் கலியாணம் முடிப்பான்? நாளைக்குத் திருவிழாவில எங்கட குடிப் பேரச் சொல்லக்குள்ள ஆக்கள் எதைப் பார்த்துச் சிரிப்பாங்க?"

"எனக்குப் பெருவியாதி இல்ல மாமா. டாக்டரே சொன்னார்."

"அதான் சொல்லுறன். பெருவியாதி இல்லாட்டி கொழும்பில இரிந்து கடுதாசி வரும். வந்தா வீட்டுக்கு வா."

இதிலே பிழை எங்கே என்று பார்த்தாயா மகளே? தொற்றும் நோய்க்கு ஊர் பயப்படும். எங்கள் ஆட்களோ தொற்றாத நோய்க்குத்தான் கூடப் பயந்தார்கள். பெருவியாதி என்றால் ஒருத்தியோடு முடியும். வயிற்றில் வருவது ஒருத்தியோடு முடியாது. இப்படிக் கணக்குப் பார்க்க எங்கள் குடியால்தான் முடியும்.

அம்மா போகும்போது என்னருகே குனிந்தார். மாமாவுக்குக் கேட்காத குரலில் பேசினார். "எனக்கும் உன்ட வயசுக்கு முன்னமே வந்தது. வயல் வட்டைக்கு நடுவில, காவல்காரன்ட வாடிக் குடில்ல ரெண்டு வருசம் வச்சவங்க. வயலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு இரிந்தன். சோறு கொண்டு வாற ஆளும் தூரத்தில வச்சிட்டுப் போவான். ஒருத்தருக்கும் சொல்லல்ல. மறுகா அதுவாத் தணிஞ்சிட்டு, கலியாணமும் முடிச்சன். நான் ரெண்டு வருசம் இரிந்தன். நீ ரெண்டு மாசம் இரிக்க மாட்டயா?"

அவர் கெட்டவர் அல்ல என்று தெரிந்த நேரம் அதுதான், அவரை நான் மன்னிக்க முடியாது என்று தெரிந்த நேரமும் அதுதான். தான் பட்டதை மகள் படக்கூடாது என்று நினைக்கும் தாய்மாரைப் பற்றி வாசகப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. தான் தாங்கியதை மகளும் தாங்குவாள் என்று நினைக்கும் தாயைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

காலையில் அம்மா என்னைத் தீவுக்கு அனுப்பும் கடுதாசியில் கையெழுத்துப் போட வருவார். தோணியும் வரும். லாந்தரை அணைக்க யாரோ வருகிறார்கள்.

*

ஒரு நாள் கழித்து எழுதுகிறேன். அதே அறைதான்.

காலையில் எல்லோரும் வந்தார்கள். டாக்டர் கடுதாசியை மேசையில் விரித்து, பேனாவை அம்மாவிடம் நீட்டும் முன் இன்னொரு முறை கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அம்மா. உங்களுக்கோ, உங்கட சகோதரிமாருக்கோ?" அம்மா இல்லை என்றார். பேனாவை வாங்க வலது கை முந்தானைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

நான் சொன்னேன்: "ஐயா, அம்மாட முழங்காலப் பாருங்க."

மாமா, "வாயப் பொத்து!" என்றார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் நீட்டிய கையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். "இது உலக்கை பிடிச்ச கை ஐயா" என்றார் அம்மா. டாக்டர் மெதுவாக, "உலக்கை பிடிச்சா உள்ளங்கையில இவ்வடம் காய்க்கும் அம்மா, விரல் பக்கமெல்லாம் காய்க்காது. நான் பார்க்கல்ல. வார்டன் அம்மா திரைக்குப் பின்னால பார்க்கட்டும்" என்றார்.

அம்மா மறுத்துவிட்டு வெளியே போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தானாகவே நடந்து திரைக்குப் பின்னால் போனார். சேலை சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வார்டன் அம்மா வெளியே வந்து, "ஒரே தோல்" என்றார். டாக்டர் முதல் கடுதாசியைக் கிழித்துவிட்டு வேறு ஒன்று எழுதினார். மாமா தோணித்துறைக்குத் தனியாகப் போய்விட்டார்.

அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து, சேலையைச் சரி செய்தபடி என்னிடம், "சித்திட குமருகளுக்கு நீ போய்ப் பதில் சொல்லு" என்றார். அழவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இப்போது எனக்கு அந்தப் பயம்தான். தீவுக்குப் பயந்ததைவிட இது அதிகம். டாக்டர் முதல் வந்த அன்றே எண்ணெய்ப் போத்தல் திரும்பக் கிடைத்தது. எல்லாம் ஒழுங்காகப் பூசுகிறேன். கால் வெடிப்பு ஆறத் தொடங்கியிருக்கிறது. நான் செய்தது சரி என்று ஒரு நாளில் நூறு தடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நூறு தடவை சொல்லவேண்டியிருக்கிறது.

இனி என்னைக் கலியாணம் முடிக்க யாரும் வருவார்களோ தெரியாது. நான் வாயைத் திறந்ததால் நீ பிறக்காமலே போகலாம். அப்படியானால் இதை யாரும் வாசிக்கப்போவதில்லை, எனக்கும் வெட்கமில்லை. ஆனால் நீ பிறந்தால், எனக்கு ஒரு வீடும் ஒரு கணவனும், சபையில் ஒரு மரியாதையும் வந்திருக்கும். என் தோலும் தணிந்திருக்கும். அம்மாவுக்கு வந்த அதே ஆசை எனக்கும் வந்திருக்கும். உனக்கு இது வந்து, ஒரு டாக்டர் என் முன் நின்று கேட்கும் நாளில், நான் "எங்கட வயிற்றுவாரில இல்ல" என்று சொல்லக்கூடும். சொல்லமாட்டேன் என்று இன்றைக்கு எழுதினால் அதற்கு மதிப்பில்லை. எனக்குப் பதினாறு வயது, எனக்கு மகள் இல்லை, குடியில் கலியாணத்துக்கு நிற்கும் குமர்கள் எனக்குப் பொறுப்பில்லை.

ஆகையால் அன்றைக்கு நான் சொல்வதை நம்பாதே. இந்தக் கடிதத்தை டாக்டரிடம் கொடு. இது என் கையெழுத்து. எனக்கும் இருக்கிறது.

உன் அம்மா